பொத்தான் ஏன் போடவில்லை? மனநோயும் உடல் இயலாமையும் சேர்ந்த ஒருவரோடு செயல்வழிச் சிகிச்சையில் வேலை செய்வது எப்படி

அவருக்கு இரண்டு கோப்புகள் இருந்தன. மனநல வார்டின் கோப்பைத் திறந்தால், "சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்வதில்லை, பக்கவாதத்தால் இடது கை பலவீனம்" என்று எழுதியிருந்தது. பக்கவாத மறுவாழ்வுப் பிரிவின் கோப்பில், "பயிற்சியில் ஆர்வம் காட்டுவதில்லை, நாள்பட்ட மனச்சிதைவு" என்று இருந்தது. பழி ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தது. நடுவில் அவர் திறந்த சட்டையோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. மூன்று நாள் காலையில் அவருக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் சட்டை மாட்டுவதைப் பார்த்தேன். மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது. பொத்தானைப் பிடிக்கப் போகும் வலது கை, அதாவது எல்லோரும் "நல்ல கை" என்று சொல்லிக்கொண்டிருந்த கை, நடுங்கியது. மணிக்கட்டைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தால் பல்சக்கரம் போல விட்டுவிட்டு நகர்ந்தது. மனச்சிதைவுக்கான மருந்து சிலருக்குக் கொடுக்கும் விறைப்பு அது. இடது கையைப் பக்கவாதம் எடுத்துக்கொண்டது என்றால் வலது கையை மருந்து எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு கோப்பிலும் வலது கையைப் பற்றி ஒரு வரி இல்லை. மருத்துவரிடம் சொன்னேன், அவர் மருந்தை மாற்றி அமைத்தார். சில வாரங்களில் மேலிருந்து இரண்டு பொத்தான் போட ஆரம்பித்தார்.

இந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. அதில் நான் அசடு வழிந்தேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

என் தொழிலுக்குத் தமிழில் நாலைந்து பெயர்கள் உண்டு. செயல்வழிச் சிகிச்சை, செயல்முறை மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை, ஆக்குபேஷனல் தெரபி (சுருக்கமாக ஓ.டி.) என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "தொழில்" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வேலை வாங்கித் தருவேன் என்று நினைத்து வந்தவர்கள் உண்டு. "ஓ.டி." என்றால் ஆபரேஷன் தியேட்டர் என்று பயந்தவர்களும் உண்டு. ஒரு மனிதர் தன் நாளில் செய்ய வேண்டியதையும் செய்ய விரும்புவதையும் திரும்பச் செய்ய வைப்பதுதான் இந்த வேலை. பல் துலக்குவதும் அதில் அடக்கம், சம்பளத்துக்குப் போவதும் அடக்கம். கீழே இருப்பதை இந்தத் துறையில் புதிதாக வந்தவர்களையும், வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் உட்கார்ந்து பாருங்கள்

மதிப்பீட்டுப் படிவங்கள் நிறைய உண்டு. 1965-இல் வந்த பார்தெல் குறியீடு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து அன்றாடச் செயல்கள், மொத்தம் 100 மதிப்பெண். அதை நிரப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவரால் உடை மாற்ற முடியவில்லை என்று அது சொல்லுமே தவிர, ஏன் முடியவில்லை என்று சொல்லாது. நமக்கு வேண்டியது அந்த "ஏன்".

ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள். தினமும் எப்படியும் நடக்கிற செயலாக இருக்கட்டும். உதவி செய்யாமல் பாருங்கள். இதுதான் கஷ்டம், கை தானாக நீளும். என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காரும் பழக்கம் அப்படி வந்ததுதான்.

எங்கே தடுக்கிறது என்பதைச் செயலே காட்டிக்கொடுக்கும். அவர் முயல்கிறார், விரல் வழுக்குகிறது, திரும்ப முயல்கிறார் என்றால் தடை பெரும்பாலும் உடலில். சட்டை மடியில் கிடக்கிறது, ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை, "வலது கையால் காலரைப் பிடிங்க" என்று சொன்னதும் மளமளவென்று பாதி வேலையை முடிக்கிறார் என்றால் தடை தொடங்குவதில் இருக்கிறது. மனச்சிதைவிலும் கடும் மனச்சோர்விலும் இது சாதாரணம். சோம்பல் என்று வீட்டார் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நன்றாகப் போய்க்கொண்டிருந்தவர் நடுவில் நின்று, தலையைச் சாய்த்து, உதடு அசைய எதையோ கேட்கிறார் என்றால் குரல்கள் குறுக்கே வந்திருக்கலாம். காலை பத்து மணிக்கு முடியாதது மாலை நான்கு மணிக்கு முடிகிறது என்றால் மருந்துச் சீட்டை எடுத்து நேரங்களைப் பாருங்கள். வார்டில் முடியாதது வேறு அறையில் முடிந்தால், மேசையின் உயரத்தையும் இரைச்சலையும் சந்தேகப்படுங்கள்.

அதனால் ஒரே செயலை நாளின் மூன்று வேறு நேரங்களிலாவது பார்க்க வேண்டும். ஒரு முறை பார்த்து எழுதிய அறிக்கையை நான் நம்புவதில்லை, நானே எழுதியிருந்தாலும்.

ஒரு குழப்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூளையின் வலப்பக்கம் தாக்கிய பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் வராது. கண் தெரியும், ஆனால் இடது பக்கம் இருப்பது மனத்தில் ஏறாது. தட்டில் இடது பாதி அப்படியே இருக்கும், இடது கை சட்டைக்குள் போகாமல் தொங்கும். இவருக்கு மனநோயும் இருந்தால், "தன்னைக் கவனித்துக்கொள்வதில்லை" என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவார்கள். ஒரு காகிதம் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள் போட்டுக் கொடுத்து எல்லாவற்றையும் அடிக்கச் சொல்லுங்கள். இடது பக்கக் கோடுகள் மட்டும் அடிபடாமல் இருந்தால், அதை உடனே நரம்பியல் மருத்துவர் காதில் போடுங்கள்.

உடல் சொல்வதை மனநோய்க் கணக்கில் எழுதாதீர்கள்

என் ஆரம்ப காலத்தில் நடந்தது. முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்ட ஒருவர், "கட்டைவிரலை யாரோ முறுக்குறாங்க" என்று கத்துவார். அந்தக் கட்டைவிரல் இல்லவே இல்லை. அவருக்கு மனநோய் வரலாறு இருந்ததால், கூட்டத்தில் எல்லோரும், நான் உட்பட, பிரமை என்று தலையாட்டினோம். அது இல்லாத உறுப்பின் வலி. உறுப்பை இழந்தவர்களில் மிகப் பலருக்கு வருவது, நிஜமான வலி, சிகிச்சை உள்ள வலி. "யாரோ" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வலியைத் தவறவிட்டோம். யார் முறுக்குகிறார்கள் என்பது அவர் மனம் சேர்த்த விளக்கம். முறுக்குகிறது என்பது அவர் நரம்பு சொன்ன உண்மை. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு உடல் தொந்தரவு சொன்னால், முதலில் அது உடல் தொந்தரவுதான். பரிசோதித்து இல்லை என்று ஆன பிறகுதான் வேறு பேச்சு.

இதில் உயிர்போகும் ஒரு இடம் உண்டு. முதுகுத்தண்டில் மேல்பகுதியில், மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் பட்டவருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, வியர்வை, படபடப்பு வந்தால், பார்ப்பதற்குப் பதற்ற நோய் போலவே இருக்கும். அவருக்கு ஏற்கெனவே பதற்ற நோய் இருந்தால் கேட்கவே வேண்டாம், "மூச்சை இழுத்து விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்போம். ஆனால் இரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறிக்கொண்டிருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான உடையையும் பட்டைகளையும் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள், மருத்துவரை அவசரமாகக் கூப்பிடுங்கள். பல நேரம் மடங்கிய ஒரு குழாய்தான் காரணமாக இருக்கும்.

காது கேளாமையும் அப்படித்தான். அரைகுறையாகக் கேட்கும் பேச்சைச் சந்தேகம் பிடித்த மனம் தன் பாணியில் நிரப்பிக்கொள்ளும். "என்னைப் பற்றித்தான் பேசுறாங்க" என்று ஒருவர் அதிகமாகச் சொல்ல ஆரம்பித்தால், காது கேட்கும் கருவியின் பேட்டரியைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

மருந்துகளைப் பற்றி நாம் முடிவெடுக்க முடியாது, ஆனால் அந்த உடல் வேலை செய்வதை அதிக நேரம் பார்ப்பது நாம்தான். சில மருந்துகளில் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். ஊன்றுகோல்காரர் விழுவதற்கு இது போதும். படுக்கையிலிருந்து எழுந்து ஓரமாகச் சற்று உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும் என்று பழக்குங்கள். இன்னொன்று, உட்கார விடாத உள்தவிப்பு. நடக்க முடிந்தவர் அறைக்குள் உலாத்துவார். நடக்க முடியாதவர் நாற்காலியை முன்னும் பின்னும் தள்ளுவார், உடம்பை ஆட்டுவார். அதைக் கோபம் என்று எழுதிவிடாதீர்கள். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் எடுப்பவருக்குக் கை பெரிதாக நடுங்கி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் மருந்தின் அளவு உடம்பில் அதிகமாக ஏறிவிட்டதற்கான அறிகுறியாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவர் என்றால் குழறலைப் பழைய கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை சேர்ந்தாலும், வாந்திபேதியில் நீர் வற்றினாலும் லித்தியம் ஏறும் என்பதை மூட்டுவலிக்காரர்கள் வீட்டில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் க்ளோசாபின் என்ற மருந்து குடலை மந்தமாக்கும். முதுகுத்தண்டுக் காயத்தால் ஏற்கெனவே மந்தமான குடல் என்றால் மலச்சிக்கலைச் சாதாரணமாக விடாதீர்கள்.

அவருக்கு என்ன வேண்டும்?

இப்போது அந்த அசடு வழிந்த கதை. பொத்தான்களில் ஆறு வாரம் செலவழித்தோம். கீழிருந்து மேல் வரை ஐந்து பொத்தானும் போட்டுவிட்டார். எனக்கு ஒரே பெருமை. அன்றைக்கு அவரிடம், "ஐயா, எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா எனக்குப் பொத்தான் சட்டையே பிடிக்காது. இங்கே கொடுக்கிறாங்கன்னு போடுறேன்."

தலைவழியாக மாட்டும் பனியன் சட்டை இரண்டு இருந்தால் முதல் நாளே அந்தப் பிரச்சினை முடிந்திருக்கும். சரி, வேறு என்ன வேண்டும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். ஆறு வாரம் கழித்து! சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டே, "நானே சவரம் பண்ணிக்கணும்" என்றார். வாரம் இருமுறை ஒருவர் வந்து பிளேடு வைத்துச் சவரம் செய்துவிடுவார். தன்னைக் கொல்லப் போகிறார்கள் என்ற எண்ணம் வருடக்கணக்காக உள்ள ஒரு மனிதர், ஒரு பக்கம் அசைக்க முடியாத உடம்போடு, தன் தொண்டையில் இன்னொருவர் பிளேடு வைக்க உட்கார்ந்திருந்தார். சவர நாட்களில் அவர் "முரண்டு பிடிக்கிறார்" என்று மனநலக் கோப்பில் பல இடங்களில் எழுதியிருந்தது.

கேட்பதற்கு ஒரு முறை வேண்டுமென்றால் இருக்கிறது. 1991-இல் கனடாவில் வெளியான சி.ஓ.பி.எம். (Canadian Occupational Performance Measure) என்ற அளவுகோலின் சாரம் எளிமையானது. உங்களுக்குச் சிரமமாக இருக்கும் செயல்களைச் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம், 10-க்கு எத்தனை? இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள், அதில் எவ்வளவு திருப்தி, அதற்கும் 10-க்கு எத்தனை? சில வாரம் கழித்துத் திரும்பக் கேட்க வேண்டும். இரண்டு மதிப்பெண் நகர்ந்தால் அர்த்தமுள்ள மாற்றம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். எண் பிடிபடாதவருக்கு நான் ஐந்து கிண்ணமும் கொஞ்சம் கோலிக்குண்டும் வைத்துக் கேட்பேன்.

"எதுவும் வேண்டாம்" என்பதுதான் அதிகம் கேட்கும் பதில். அதோடு சண்டை போட வேண்டாம். சும்மா இருக்கும்போது அந்தக் கைகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். முன்பு தையல் வேலை செய்த ஒரு அம்மா போர்வையின் விளிம்பை விரலால் மடித்து மடித்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார். துணியைக் கையில் கொடுத்தபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே கூடை, ஒரே காகிதப் பூ என்று கொடுக்கும் இடங்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது நேரத்தை நிரப்பும், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலின் அமெரிக்கச் சங்கம் 1917 மார்ச்சில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் தொடங்கியது. அதைக் கூட்டியவர் ஜார்ஜ் பார்ட்டன், கட்டடக் கலைஞர். காசநோயோடு போராடியவர், இடப்பக்கம் செயலிழந்தவர், மனம் உடைந்து அதிலிருந்து மீண்டவர். தோட்ட வேலையும் மர வேலையும் செய்துதான் தேறினார். உடலையும் மனத்தையும் பிரித்து இரண்டு கோப்பு போடும் நாம், ஆரம்பித்து வைத்தவரையே மறந்துவிட்டோம் என்று தோன்றும்.

உடலின் வரலாறு கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. சிலருக்கு இயலாமை பிறவியில் வந்தது, சிலருக்கு விபத்தில். சிலருக்கு அது நோயின் நடுவில் அவர்களே செய்துகொண்ட ஒரு செயலால் வந்தது, உயரத்திலிருந்து குதித்தது மாதிரி. அவர்களுக்குத் தங்கள் கால்களே அந்த நாளை ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கும். நாமாகத் தோண்ட வேண்டாம். அவராகப் பேச்செடுத்தால் பேச்சை மாற்றவும் வேண்டாம். இப்போதும் சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வருகிறது என்றால் அன்றைக்குப் பயிற்சியை மூடிவைத்துவிட்டு, அவரைத் தனியே விடாமல், சிகிச்சைக் குழுவிடம் உடனே சொல்லுங்கள்.

ஒரு நாளில் ஒன்றைத்தான் கடினமாக்க வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு சுமை உண்டு: உடலுக்கு எவ்வளவு வேலை, மனத்துக்கு எவ்வளவு வேலை. ஒன்றைக் கூட்டும் நாளில் மற்றதைக் குறைக்க வேண்டும். புதிய ஊன்றுகோலைப் பழகும் நாளில் பழகிய அறை, பழகிய ஆள், ஆரவாரமில்லாத நேரம். கூட்டமான புதிய இடத்துக்குப் போகும் நாளில் நன்றாகப் பழகிய சக்கர நாற்காலி, நடைப் பயிற்சி கிடையாது. பிசியோ உடலை மட்டும் பார்த்துச் சுமை ஏற்றுவார், மனநலக் குழு தன் பங்குக்கு ஏற்றும். இரண்டும் ஒரே செவ்வாய்க்கிழமை வந்து விழுந்தால் புதன்கிழமை அவர் போர்வையை விட்டு வெளியே வரமாட்டார்.

சவரத்தை எப்படிப் படியாக்கினோம் என்று சொல்கிறேன். பேட்டரியில் ஓடும் மின் சவரக் கருவி: பிளேடு வெளியே இல்லை, தொங்கும் வயர் இல்லை, வார்டும் ஒப்புக்கொண்டது. முதல் வாரம் கருவி மேசையில் இருந்தது, அவ்வளவுதான். அவர் அதைத் திறந்து பார்த்தார், மூடினார், உள்ளே எதுவும் ஒளித்துவைக்கவில்லை என்று அவரே முடிவுக்கு வந்தார். ஒரு கருவி யாருடையது, அது எதற்கு, ஏன் சத்தம் போடுகிறது என்று ஆராய நேரம் கொடுக்காமல் நீட்டினால், அடுத்த நாள் அது அவருடைய பயத்துக்குள் ஒரு பாத்திரமாகிவிடும். சக்கர நாற்காலி தன்னை ஒட்டுக்கேட்கிறது என்று ஒருவர் அதில் ஏறவே மறுத்திருக்கிறார். திருப்புளி கொடுத்து அவரையே கைப்பிடியைக் கழற்றி மாட்டச் சொன்னோம், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு.

இரண்டாம் வாரம் பின்னாலிருந்து தொடங்கினோம். வேலையின் பெரும்பகுதியை நான் செய்து, கடைசிப் படியை மட்டும் அவருக்கு விடுவது: வலது கன்னத்தில் மிச்சமிருந்த ஒரு கீற்று. முடித்த திருப்தி அவருக்குக் கிடைக்கும். அப்புறம் கடைசி இரண்டு படி, கடைசி மூன்று படி. நடுக்கத்துக்கு முழங்கையை மேசையில் ஊன்ற வைத்தோம், கருவியின் பிடியை ரப்பர் சுற்றித் தடிமனாக்கினோம். கண்ணாடி வேண்டாம் என்றார், முகத்தைப் பார்த்தால் சில நாள் அது தன் முகம் இல்லை என்று தோன்றுமாம். எனவே தடவிப் பார்த்தே செய்தார். அதில் ஒரு லாபம்: இடது கன்னத்தைக் கவனம் தவறவிட்டாலும், "காதிலிருந்து காது வரை கையைக் கொண்டு போங்க" என்ற ஒரு வாக்கியம் விரலை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

பேச்சைக் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம். சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பதிலும் அசைவும் வர அந்த நேரம் பிடிக்கும், காதில் வேறு குரலும் கேட்பவருக்கு இன்னும் கூட. நாம் மூன்றாவது நொடியில் அதையே வேறு சொற்களில் சொல்வோம், அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒரு அமர்வு 20 நிமிடம் போதும். சோர்வு தெரிந்த பிறகு நிறுத்துவதை விட, தெரிவதற்குச் சற்று முன்னால் நிறுத்துவது நல்லது.

ஒரு கை வேலைக்குச் சில கைப்பழக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடை போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். தட்டுக்கும் காகிதத்துக்கும் அடியில் வழுக்காத விரிப்பு. ஊன்றுகோல் பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில், பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில். உணர்ச்சி இல்லாத கால்கள் உள்ளவர் சூடான பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியை உருட்டக் கூடாது, வெந்தால் தெரியாது.

படுக்கைப் புண் மட்டும் சுருக்கமாகச் சொல்லக் கூடியதில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை முன்னே அல்லது பக்கவாட்டில் சாய்ந்து, ஒன்றிரண்டு நிமிடம் எடையை இறக்க வேண்டும். மனச்சோர்வில் இருப்பவர் செய்யமாட்டார். "எதுக்கு?" என்பார். அதை நன்மைகள் சொல்லி ஜெயிக்க முடியாது. ஏற்கெனவே நடக்கிற எதோடாவது கட்டிவிடுங்கள்: வானொலியில் ஒரு பாட்டு முடிந்தால் ஒரு சாய்வு, விளம்பரம் வந்தால் ஒரு சாய்வு. எலினர் கிளார்க் ஸ்லேகில், பார்ட்டனோடு சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், மனநல மருத்துவமனைகளில் நாள் முழுவதையும் பழக்கங்களாகக் கட்டியமைக்கும் முறையை வளர்த்தார். எழுவது, குளிப்பது, வேலை, விளையாட்டு, ஓய்வு, எல்லாம் நேரப்படி. இன்று பார்த்தால் கொஞ்சம் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். ஆனால் மனம் ஊக்கம் தராதபோது பழக்கம் கைகொடுக்கும் என்பதில் அவர் சரிதான்.

பொருளும் இடமும்

உதவிக் கருவிகளை இரண்டு கண்ணால் பார்க்க வேண்டும். இது இவருக்கு எப்படி உதவும், மோசமான நாளில் இதை வைத்து என்ன ஆகும்? நீளமான பட்டை, தூக்கும் கருவியின் தொட்டில், கத்திரிக்கோல், ஊசி எல்லாம் கணக்கில் வர வேண்டும். கருவிகளை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கிய பிறகே கதவைத் திறக்கிறேன். ஒரு ஊசி குறைந்தால் எல்லோரும் உட்கார்ந்து தேடுவோம், யாரையும் குற்றவாளியாக்காமல். அதே சமயம் பாதுகாப்பு என்ற பெயரில் ஒருவரின் ஊன்றுகோலை இரவில் பிடுங்கிவைப்பதை என்னால் ஏற்க முடியாது. நடப்பதற்கு அது அவர் கால். ஆபத்து நிஜமாக இருந்தால் ஆள் கூட இருக்க வேண்டும்.

சாய்தளத்துக்கு 1:12 என்பது பொதுவான அளவு, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இடம் இல்லை என்று பாதியாகக் குறைத்தால், மருந்தால் மந்தமான ஒருவர் அதில் பின்னோக்கி உருளுவதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

குழுவாக உட்காரும்போது ஒரு சிக்கல் வரும். சந்தேக மனம் உள்ளவருக்கு முதுகுக்குப் பின்னால் சுவர் வேண்டும். சக்கர நாற்காலிக்காரருக்கு வாசலுக்கு வழி வேண்டும், நினைத்தபோது எழுந்து போக முடியாதவர் அவர். இருவரும் ஒரே ஆள் என்றால், கதவுக்குப் பக்கத்துச் சுவர் மூலை அவருக்கு. நாற்காலிகளை அவர் வருவதற்கு முன்பே அப்படிப் போட்டுவையுங்கள். ஆரம்பத்தில் ஒரே மேசையில் அவரவர் வேலை, பேச்சு கட்டாயமில்லை. பசை டப்பாவை ஒன்றே ஒன்று வைத்தால், "கொஞ்சம் அதைத் தள்ளுங்க" என்று யாராவது ஒருநாள் கேட்பார்கள். அது போதும்.

மோசமான நாட்கள் வரும். "இன்னைக்கு வேண்டாம்" என்றால் செயலைச் சுருக்குங்கள், சந்திப்பை ரத்து செய்யாதீர்கள். முழுச் சவரம் இல்லை என்றால் கருவியைத் துடைத்து வைப்பது. அதுவும் இல்லை என்றால் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லி, அந்த மணிக்கே வருவது.

வீட்டாரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: காலையில் ஒரே ஒரு செயலை மட்டும் அவரே செய்ய விடுங்கள், எவ்வளவு நேரமானாலும். எல்லாவற்றையும் என்றால் உங்களுக்கும் வேலைக்குப் போக வேண்டும், கோபம் வரும். அந்த ஒரு செயலின்போது அறையை விட்டு வெளியே போய்விடுவது இன்னும் நல்லது. கழிப்பறைக்கு இரவில் போகும் வழியில் மட்டும் விளக்கு எரியட்டும். தூக்க மருந்தும் பலவீனமான காலும் இருட்டில் சேரக் கூடாது.

கடைசியாக, எழுதி வைப்பது. "ஒத்துழைக்கவில்லை" என்ற சொல்லை என் குறிப்புகளில் தடை செய்து வெகுகாலம் ஆகிறது. கண்டதை எழுதுங்கள்: "காலை 9.40. கருவியை வலது கையால் எடுத்தார். வலது கன்னம் உதவியின்றி முடித்தார். தாடையில் நின்றார், இடப்பக்கம் திரும்பி எதையோ கேட்பது போல இருந்தார், சுமார் 40 நொடி. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தொடர்ந்தார். இடது காதருகே விட்டுப்போனது, கையால் தடவச் சொன்னதும் கண்டுபிடித்தார்." இப்படி எழுதினால் மருத்துவருக்கு ஒரு செய்தி, பிசியோவுக்கு ஒரு செய்தி, நாளை என் இடத்தில் வரப்போகிறவருக்கு எங்கே தொடங்குவது என்ற செய்தி. இரண்டு கோப்பு இருந்தால் இரண்டிலும் இதையே எழுதுங்கள். நான் அப்படித்தான் எழுதினேன். மூன்று மாதம் கழித்து, சவர நாட்களில் அவர் முரண்டு பிடிப்பதாக எழுதுவதற்கு வார்டில் யாருக்கும் வேலை இல்லாமல் போயிருந்தது. அவர் பனியன் சட்டையில் இருந்தார்.